பச்சைக் கேட் வீட்டுப் படுக்கை விரிப்புகள்

அன்றைக்கு அந்த மேல்மாடி வார்டில் எங்கள் தரப்பில் நின்றவர்கள் ஐந்து பேர். டாக்டர் பரமேஸ்வரி அம்மா, மேட்ரன் மிஸ் டான், தலைமைக் குமாஸ்தா நாயர், டிரைவர் யூசோப், நான். யூசோப் வேனோடு கீழே நிற்க வேண்டியவர். நல்ல மழை, அதனால் மேலே வந்துவிட்டார். எதிர்த் தரப்பில் மகப்பேறு இல்லத்தின் சொந்தக்காரர் மார்க்கண்டன், அவரிடம் மருத்துவச்சிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பதினொரு பெண்கள், பதினெட்டுக் கட்டில்களில் பதினெட்டுத் தாய்மார்கள், நாலே நாலு கைக்குழந்தைகள். மூன்று முறை எண்ணினேன். எண்ணுவது என் வேலை இல்லை. பயம் வந்தால் எண்ணுவேன், அவ்வளவுதான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் வேலை பார்த்த வாரியத்தில் இப்போதிருக்கிற பிள்ளைகள் கேட்டார்கள். மருத்துவச்சிகளுக்கும் தாதிகளுக்கும் பயிற்சி கொடுக்கும் இடங்களைச் சோதித்து, அனுமதி கொடுப்பதும் எடுப்பதும் அந்த வாரியத்தின் வேலை. எந்த இடத்துக்குச் சோதனைக்குப் போவது என்பதை அன்று காலையில் வேன் புறப்படும்போதுதான் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியை மாற்றலாமா என்று இப்போது யோசிக்கிறார்களாம். "அந்தச் சீட்டு எப்படி அங்கிள் வந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். வாயால் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் தொடர முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

பள்ளியை விட்டதும் தஞ்சோங் பகார்த் துறைமுகத்தில் அப்பாவோடு மூட்டை எண்ணினேன். பிறகு ஒரு மருந்துக் கிடங்கில் போத்தல் கழுவினேன். ஐம்பதுகளின் பிற்பாதியில் இந்த வாரியத்தில் பியூனாகச் சேர்ந்தேன். வேலை கிடைத்த நாளிலிருந்து வேலை போய்விடுமோ என்ற கவலைதான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பேருந்தில் ஏறிய பிறகு இறங்கி வந்து நான்காவது தடவையும் பார்ப்பேன். குடியிருந்த அறை வாரியத்தின் குடியிருப்பில். வேலை போனால் அறையும் போகும், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீதிக்கு வருவார்கள். இதை நான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

டாக்டரம்மா ஈப்போவில் பிறந்தவர். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அதனால் அம்மாவின் பேச்சு எங்கள் பேச்சாக இருக்காது. உயரம் குறைவு, குரலும் குறைவு. ஆனால் அவர் ஓர் இடத்துக்குள் நுழைந்தால் அந்த இடம் நிமிர்ந்து நிற்கும்.

அவர் சோதிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். முதலில் யாருடனும் பேச மாட்டார். நேராகக் கைகழுவும் தொட்டிக்குப் போய் சோப்பைத் தொட்டுப் பார்ப்பார். காய்ந்து வெடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் திரும்புவார், நான் பதிவேட்டில் ஒரு கோடு போட வேண்டும். அடுத்து பயிற்சிப் பெண்களின் நகம். அடுத்து கொப்பூழ்க்கொடி கட்டும் நூலை எத்தனை நிமிடம் கொதிக்க வைப்பார்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகக் கேட்பார், ஒருத்தி சொல்வது இன்னொருத்தி காதில் விழாத மாதிரி. அதற்குப் பிறகு நானும் அவரும் அளவு நாடாவை ஆளுக்கொரு முனை பிடித்துக் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி அளப்போம். அவர் நின்றுகொண்டு பிடிப்பார், நான் முட்டி போட்டுப் பிடிப்பேன். சோதிக்கப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எங்களுக்கும் சேர்த்து ஃபிளாஸ்கில் தண்ணீர் கொண்டு வருவார். யாராவது தேநீர் நீட்டினால், "திரும்பிப் போகேக்க குடிப்பம்" என்பார். திரும்பிப் போகும்போது குடித்ததே இல்லை.

பச்சைக் கேட் வீடு என்று நாங்கள் சொன்ன அந்த இல்லத்தில் அன்று எல்லாமே சரியாக இருந்தது. சோப்பு ஈரம். நகம் சுத்தம். விரிப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாமல். டாக்டரம்மா ஒரு கட்டிலருகே நின்று அந்தப் பெண்ணிடம், "பிள்ளை பிறந்து எத்தினை நாள்?" என்று கேட்டார்.

"நாலு நாளாச்சுங்க."

"பிள்ளை எங்கை?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பக்கத்துக் கட்டில்ல கொடுத்திருக்கேன்" என்றாள்.

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். மார்க்கண்டன் கைகட்டிச் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார். டாக்டரம்மா கீழே இறங்கி, வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். வேனில் ஏறி, மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பேசினார்.

"இவருக்கு நாங்கள் வாறது தெரிஞ்சிருக்கு."

சோதனை நாளை டாக்டரம்மா இரண்டு நாளைக்கு முன்பு முடிவு செய்வார். வேன் சீட்டு எழுத நாயருக்குச் சொல்வார், பையைத் தயார் செய்ய எனக்குச் சொல்வார். மேட்ரனுக்கும் யூசோப்புக்கும் அன்று காலையில்தான் தெரியும். அப்படியென்றால் நாயர், அல்லது நான். நாயர் முன் சீட்டிலிருந்து திரும்பி என்னையே பார்த்தார்.

மறுநாள் அவர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். "எடோ வேலாயுதம், நான் இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். நீ நேத்து வந்தவன். உள்ளதச் சொல்லிடு. எவ்வளவு கொடுத்தான்?"

"சத்தியமா இல்லங்க சார்."

"கை ஏன் நடுங்குது?"

"எனக்கு எப்பவும் நடுங்கும் சார்."

அது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் உண்மை மாதிரி இல்லை. நாயரும் கெட்டவர் இல்லை. இரண்டு பேரில் ஒருவன் என்றால், தான் இல்லை என்று அவருக்குத் தெரியும், மிச்சம் நான்தானே. டாக்டரம்மாவுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டார். வாரக் கடைசியில் முடிவு என்றார். யூசோப் மட்டும் வேனைத் துடைத்துக்கொண்டே, "தாக்குத் ஆப்பா லா, என்ன பயம் வேலா? நீ பூட்டையே நாலு தடவை பாக்கிறவன். திருட உனக்கு நேரம் எங்க?" என்றார். சிரிப்பு வரவில்லை. மனைவியிடம் சொல்லவும் இல்லை. பெட்டியில் இருந்த பாத்திரங்களை எண்ணினேன், அறையைக் காலி செய்தால் தூக்க எத்தனை கை வேண்டும் என்று.

மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா கூப்பிட்டார். நாயர் கொடுத்த காகிதம் அவர் மேசையில் இருந்தது. அதன்மேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இரும்."

பியூன் உட்காரும் வழக்கம் இல்லை. நின்றேன்.

"இரும் எண்டு சொன்னனான். நான் உமக்குத் திங்கட்கிழமை காலமை சொன்னனான், புதன்கிழமை போறம் எண்டு. அந்த நேரத்திலயிருந்து வேன் ஏறுமட்டும் நீர் செய்ததெல்லாம் சொல்லும். சின்ன விஷயமும் விடாமல்."

இப்படிக் கேட்டால் எனக்குச் சுலபம். செய்ததையெல்லாம் நினைத்து நினைத்துப் பார்ப்பவன்தானே நான். பையில் நாடா வைத்தது, எடுத்துப் பார்த்தது, மறுபடி வைத்தது, பதிவேட்டுக்கு அட்டை போட்டது, சிராங்கூன் ரோடு வழியாக நடந்தது, சட்டையை வெளுக்கத் தோபிக் கடையில் போட்டது, பிள்ளைக்கு ரொட்டி வாங்கியது...

"நில்லும். சட்டையை ஏன் தோபிக்குக் குடுத்தீர்?"

"சோதனைக்குப் போறோம்லம்மா. கஞ்சி போட்டு மொடமொடன்னு இருக்கணும். ஒரு சுருக்கம் இருந்தாக்கூட வாரியத்துக்குக் கேவலம்."

"மற்ற நாளில?"

"மத்த நாளு பொஞ்சாதி துவைச்சுடும். தோபிக்கு நாலு மடங்கு காசு கொடுக்க முடியுங்களா? சோதனைக்கு மட்டும்தான்."

"ஒவ்வொரு சோதனைக்கும்?"

"ஒவ்வொரு சோதனைக்கும். ரெண்டு நாள் முன்னாடியே போட்டுடுவேன். மழை வந்து காயாமப் போயிடக் கூடாதுல்ல."

டாக்டரம்மா என்னையே பார்த்தார். எனக்கு இன்னும் உறைக்கவில்லை. பயத்தில் வாய் தானாக ஓடியது. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் கொட்டிவிட்டேன். புதன்கிழமை முட்டி போட்டு நாடா பிடித்தபோது கட்டிலுக்கு அடியில் தொங்கிய விரிப்பின் மூலைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு மூலையிலும் தோபி மார்க் இருந்தது. சேங்கொட்டைச் சாற்றில் போடுகிற கறுப்புக் குறி, எத்தனை வெளுப்புக்கும் போகாது. எங்கள் தோபி சின்னையா அண்ணன் ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு குறி வைத்திருந்தார். என் சட்டைக்கு மூன்று புள்ளி. பச்சைக் கேட்டுக்கு வட்டத்துக்குள் புள்ளி. கடையில் காத்திருக்கும்போது மூட்டைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் மனப்பாடம். அன்று கட்டில்களில் தொங்கிய விரிப்புகளில் இருந்தது ஏணிக் குறி. அது சிலிகிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியின் குறி.

"இதை ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?"

"தோபி மார்க்கெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்கன்னு..."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது. "வேலாயுதம், நான் தேதியை இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வைச்சனான். நீர் கஞ்சி போட்டு றோட்டில தொங்க விட்டிருக்கிறீர்."

அப்போதுதான் விளங்கியது. பச்சைக் கேட்டின் துணி போகிற கடையும் அதே கடைதான். என் சட்டை அங்கே வந்தால் இரண்டு நாளில் எங்கோ சோதனை என்று அர்த்தம். நாற்காலியிலிருந்து எழுந்து, "நானே ராஜினாமா பண்ணிடறேன்மா" என்றேன்.

"அதுக்கு முதல் ஒரு வேலை செய்யும். இண்டைக்குப் பின்னேரம் போய்ச் சட்டையைக் குடும். வியாழக்கிழமைக்கு வேணும் எண்டு சொல்லும்."

கொடுத்தேன். அந்த வியாழனுக்கு முன்பே, செவ்வாய்க்கிழமையே போனோம். என் உடம்பில் வீட்டில் துவைத்த கசங்கிய சட்டை. மானமே போனது போல இருந்தது.

பச்சைக் கேட்டைத் திறந்தவள் ஒரு பயிற்சிப் பெண். டாக்டரம்மாவைப் பார்த்ததும் கதவை மூடவும் தெரியாமல் திறக்கவும் தெரியாமல் நின்றாள். மேலே பதினெட்டுக் கட்டில்களில் பதினாறு வெறும் கட்டில், மெத்தைகள் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தன. உண்மையான தாய்மார்கள் இரண்டே பேர். நடுத் தரையில் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிரசவப் புத்தகம். தேர்வுக்குப் போகும் முன் தான் கூடவே நின்று பார்த்த பிரசவங்களை ஒவ்வொருத்தியும் அதில் பதிய வேண்டும். தாயின் பெயர், வலி எடுத்த நேரம், குழந்தையின் எடை.

"என்ன எழுதுறீங்கள்?"

ஒருத்தி எழுந்து நின்றாள். பதினெட்டு வயது இருக்கும். "பிரசவம் எழுதறோம் டாக்டர்."

"எந்தப் பிரசவம்?"

"ஐயா ஒரு லிஸ்ட் தருவாருங்க. அதப் பாத்துப் பிரிச்சு எழுதிக்குவோம்." பிறகு அழுதுவிட்டாள். "நான் இன்னும் ஒரு பிரசவம்கூடப் பாக்கல டாக்டர். அடுத்த மாசம் எனக்குப் பரீட்சை."

டாக்டரம்மா அவள் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தார். அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். அத்தனை நேரமும் அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. ஒரு நோயாளியைப் பார்க்கிற முகம்.

மார்க்கண்டன் ஓடி வந்தார். நேற்றுத்தான் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள் என்றார். பிள்ளைகள் பழைய குறிப்பைச் சுத்தமாகப் படியெடுக்கிறார்கள் என்றார். அந்தப் பெண் அழுததைக் கேட்டதற்கு, "பரீட்சைப் பயம் டாக்டர், சின்னப் புள்ள" என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. கட்டில்கள் எப்போதுமே காலி என்பதைக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. இவரை விட்டுவிட்டால், வாரியத்தின் பக்கம் மிஞ்சுவது நாயர் எழுதிய காகிதம்தான்: தேதியை வெளியே விட்டவன் வேலாயுதம்.

வேனில் டாக்டரம்மா கேட்டார். "உம்முடைய தோபி கணக்கு எழுதுறவரோ?"

"எழுதுவாரும்மா. ஒவ்வொரு வாடிக்கைக்கும் ஒரு நோட்டு. எந்தத் தேதியில எத்தனை விரிப்பு, எத்தனை துண்டு, எல்லாம் இருக்கும்."

நேராகத் தோபிக் கடைக்கே போனோம். அந்தக் கடைக்குள் ஒரு டாக்டர் நுழைந்து நான் பார்த்ததில்லை. இஸ்திரிப் பெட்டிக் கரியின் சூடு, கஞ்சி கொதிக்கிற ஆவி, நடுவில் டாக்டரம்மா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னையா அண்ணன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நான் நடந்ததைச் சொன்னேன். என் பக்கம் திரும்பினார்.

"அட பாவி. மார்க்கண்டன் ஆளு வந்து, 'வாரியத்துத் தம்பி சட்டை வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே'ன்னான். ஒரே தெருக்காரன், உனக்கு ஏதோ சாப்பாடு கீப்பாடு அனுப்புவானாக்கும்னு நினைச்சேன். என்னைத் தபால்காரன் ஆக்கிட்டானே!"

"உங்களில பிழை இல்லை" என்றார் டாக்டரம்மா. "எனக்கு அந்த இல்லத்தின்ர சலவை நோட்டு வேணும். விசாரணைக்கு."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பலகைக்கு மேலிருந்து நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி எங்களிடம் காட்டினார். "பதினெட்டுக் கட்டிலு வச்சிருக்கான், வாரத்துக்கு ஆறு விரிப்பு வரும்மா. பிரசவம் பாக்கிற வீட்டுல ஆறு விரிப்பு! நானும் ஒரு நாள் யோசிச்சிருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. பாக்கி நிக்குது. இந்த நோட்டுதான் எனக்குக் கணக்கு. இத உங்க கையில கொடுத்தேன்னா, அவன் எனக்கு ஒரு காசு தரமாட்டான். அந்த விடுதிக்காரனும் துணி போடமாட்டான். நான் வெளுத்த விரிப்ப எனக்குத் தெரியாம மார்க்கண்டனுக்கு வாடகைக்கு விட்டவன் அவன்தானே."

"ஓம். தரமாட்டினம்" என்றார் டாக்டரம்மா. ஈடு கட்டுகிறேன் என்றும் சொல்லவில்லை. வாரியம் சாட்சிக்குப் பணம் கொடுத்தால் அந்தச் சாட்சி செல்லாது என்று பிறகு எனக்குச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணே, கொடுத்திடுங்க, என் வேலை போகுது என்று சொல்ல வந்தேன். சொல்ல முடியவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"உன் வேலைக்கும் இதுக்கும் ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணே."

"அந்தப் புள்ளைங்க சர்ட்டிபிகேட் வாங்கி நம்ம தெருவுக்குத்தானேம்மா வரும்? எம் மருமக ஆறு மாசம்." நோட்டை மூடி, துண்டால் ஈரம் துடைத்து, டாக்டரம்மாவின் கையில் வைத்தார். "ரசீது ஒண்ணும் வேணாம்."

டாக்டரம்மா ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

விசாரணை வாரியத்தின் நீள மேசையில் நடந்தது. சின்னையா அண்ணன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எனக்கும் ஒன்று கொண்டு வந்திருந்தார், வியாழக்கிழமைக்கென்று நான் கொடுத்த அதே சட்டை. நான் எழுந்து ஏணிக் குறியையும் வட்டக் குறியையும் காகிதத்தில் வரைந்து காட்டினேன். சின்னையா அண்ணன் நோட்டை வாரம் வாரமாக வாசித்தார். ஆறு, ஆறு, ஐந்து, ஆறு. மார்க்கண்டன் சத்தமாகச் சிரித்தார்.

"நல்லா இருக்கு! ஒரு பியூனும் ஒரு தோபியும் சேர்ந்து மருத்துவக் கல்வியச் சீர்திருத்தப் போறாங்க!"

வாரியத் தலைவர் ஏதோ சொல்ல வந்தார். டாக்டரம்மா முந்திக்கொண்டார். "ஓம். அவை ரெண்டு பேரும்தான். நாங்கள் டாக்டர்மார் மூண்டு தரம் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனனாங்கள்."

அத்தோடு சிரிப்பு நின்றது. அனுமதி ரத்தானது. பதினொரு பெண்களையும் அரசாங்க மருத்துவமனையில் சேர்த்து முதலிலிருந்து பயிற்சி கொடுக்க டாக்டரம்மா ஏற்பாடு செய்தார். அழுத அந்தப் பெண், பிற்பாடு என் மூன்றாவது பிள்ளையின் பிரசவத்துக்கு வந்தாள். கையில் நடுக்கமே இல்லை.

என் விஷயத்தில் அவர் எழுதியதை நாயர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "தேதி வெளியே போனது பியூனின் குற்றமில்லை, தேதியை முன்கூட்டியே முடிவு செய்தது என் குற்றம், இனி எனக்கே அது முன்னால் தெரியக் கூடாது." இதுதான் சாரம். அன்று முதல் சீட்டு வந்தது. வேன் சத்தம் போட ஆரம்பித்த பிறகு டாக்டரம்மா தகரப் பெட்டியில் கைவிட்டு எடுப்பார், யூசோப் பிரித்து வாசிப்பார். பியூன்களின் சட்டை சோதனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்தில் இரண்டு தடவை வாரியச் செலவில் வெளுக்கப்படும் என்றும் ஒரு வரி சேர்த்தார். நாயர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னை "எடோ" என்று, அடேய் போடுகிற மாதிரி, கூப்பிட்டதில்லை. ஓய்வு பெறும் வரை நான் அதே வாரியத்தில், அதே அறையில் இருந்தேன்.

சின்னையா அண்ணன் மார்க்கண்டனிடம் பாக்கி கேட்கப் போனார். "கணக்கு எங்கய்யா? காட்டு" என்றாராம் அவர். கணக்கு வாரியத்தின் கோப்பில் சாட்சியாக இருந்தது, அந்தக் கோப்பை மூடும் வரை வெளியே தர முடியாது. மூடியபோது மார்க்கண்டன் வீட்டை விற்றுவிட்டு ஜொகூர்ப் பக்கம் போய்விட்டார். விடுதிக்காரரும் அண்ணன் சொன்னபடியே வேறு கடைக்கு மாறினார். அந்தப் பாக்கிக்கு நான் மாதம் ஐந்து வெள்ளி, ஐந்து டாலர், கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"நீயா விரிப்புப் போட்ட? போ தம்பி, அவன் பேர்லயே நிக்கட்டும்" என்றார். சாகும் வரை அதையேதான் சொன்னார்.

பாக்கியை அவர் மகனிடமாவது நானே கொடுக்கலாம், எவ்வளவு என்று பார்க்கலாம் என்று போன மாதம் வாரியத்தில் கேட்டு அந்த நோட்டை வாங்கி வந்தேன். மகனும் பணம் வாங்க மாட்டேன் என்கிறார். கடைசிப் பக்கத்தில் சின்னையா அண்ணன் கையெழுத்தில் இருப்பது: பச்சைக் கேட், பாக்கி, நூற்று எண்பத்தேழு வெள்ளி நாற்பது காசு.